ஒற்றைகளுக்கு ஜோடி பின்னிய கதை

1

ராயபுரத்துக்குக் கம்பளி மேஜோடு பின்னி அனுப்பியவன் இந்த உலகத்தில் ஒருத்தன்தான் இருக்க முடியும். அந்த மடையன் நான்தான். அதுவும் கத்திரி வெயிலில் போய்ச் சேருகிற மாதிரி நாள் பார்த்துத் தபாலில் சேர்த்திருக்கிறேன். அதுவும் ஒரு காலுக்கு மட்டும்.

இதைப் படிக்கிற நீங்கள் ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ உட்கார்ந்து விசிறியால் வீசிக்கொண்டே, 'இவனுக்கு என்ன வந்தது' என்று கேட்பீர்கள். இந்த ஊர்த் தபாலாபீஸ் ஜன்னலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரரும் அதைத்தான் கேட்டார். வெளிநாட்டுக்குப் போகிற பொட்டலத்தின்மேல் ஒட்ட ஒரு சீட்டு உண்டு. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று எழுத வேண்டும். நான் 'காலுறை, ஒன்று' என்று எழுதியிருந்தேன்.

"ஒரு ஜோடியா?" என்றார்.

"இல்லை. ஒன்று."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வாங்குகிறவருக்கு ஒரு கால்தானா?"

"ரெண்டும் இருக்கிறது."

"அப்படியானால் மற்றது எங்கே?"

"அதை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்."

மூன்றாம் வருஷத்திலிருந்து அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்ததும் அவரே 'ஒன்று' என்று எழுதி முத்திரையைக் குத்திவிடுவார். இப்படிப் பத்து வருஷத்தில் பதினோரு ஒற்றைகள் போயிருக்கின்றன. எட்டு, என் மகளுக்குக் காலுறை. மூன்று, என் பெண்டாட்டி தேசம்மாவுக்கு விரல் இல்லாத மொட்டைக் கையுறை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஓர் ஆள் மூலம் தேசம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். "எல்லாவற்றுக்கும் ஜோடி பின்னி எடுத்துக்கொண்டு வருகிறேன். வரலாமா?" பதினைந்து வருஷம் ஊர்ப்பக்கம் தலைகாட்டாதவன் கேட்ட கேள்வி இது. பதில் போன வாரம் வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். ஊரையும் ஒன்றிரண்டு மைல் அப்படி இப்படித் தள்ளி வைத்திருக்கிறேன். யாரென்று தெரிந்துவிட்டாலும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

2

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராஸ் பட்டணமே மூட்டை கட்டிய வருஷம் அது. எல்லோரும் மேற்கே ஓடினார்கள். நான் மட்டும் கிழக்கே ஓடிக் கப்பலில் கலாசியாகச் சேர்ந்தேன். குண்டுக்குப் பயந்தவன், குண்டு போடுகிறவர்கள் தேடிக்கொண்டிருக்கிற பொருளின் மேலேயே ஏறி உட்கார்ந்தேன். என் புத்தி வேலை செய்கிற விதம் அப்படி.

காத்திவாக்கத்தில் எங்கள் குப்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. நெடுந்தூரம் போகிறவன் ஒரு வலையைப் பின்னி, கடைசி வரிசைக் கண்ணிகளை மட்டும் போடாமல் விட்டுவிட்டுப் போவான். பெண்டாட்டி அதைச் சுருட்டிக் கூரைக்குக் கீழே கட்டி வைப்பாள். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. மிச்சம் வைத்த வேலை ஆளை இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. நானும் ஒரு வலை பின்னிக் கடைசி வரிசையை விட்டேன். தேசம்மா இடுப்பில் ஆறு மாசக் குழந்தையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வருவ?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசமா? சாயங்காலம் வரேன்னுட்டு மறுநா காலைல வர்ற ஆளு நீ. எதுக்கும் ரெண்டு வரிசையா வுட்டுட்டுப் போ."

நான் சிரித்துவிட்டு ஒரு வரிசையோடு நிறுத்திக்கொண்டேன்.

நம்மை ஆண்ட வெள்ளைக்காரர்களின் இந்த நாட்டின் வடகிழக்குக் கரைக்குப் பக்கத்தில், நல்ல பனிக்காலத்தில், எங்கள் கப்பல் கண்ணிவெடியில் மோதி முழுகியது. ஹெர்ரிங் என்கிற மீனைப் பிடிக்கப்போன படகு ஒன்று என்னை மீனோடு மீனாக அள்ளிப்போட்டுக் கரை சேர்த்தது. என் கப்பல் புத்தகம், காகிதங்கள், கூட வேலை செய்தவர்கள், எல்லாம் அடியில் போயின. ஆஸ்பத்திரியில் பல மாதம் இருமிவிட்டு வெளியே வந்தபோது, அந்தத் துறைமுக ஊரிலேயே வலைக் கிடங்கில் கிழிசல் பார்க்கிற வேலை கிடைத்தது. பின்னத் தெரிந்தவனுக்கு எந்தக் கடலோரத்திலும் ஒரு மூலை உண்டு.

சண்டை முடிந்தது. திரும்பிப் போயிருக்கலாம். முதல் வருஷம் உடம்பு தேறட்டும் என்றேன். இரண்டாம் வருஷம் காகிதம் கிடைக்கட்டும் என்றேன். மூன்றாம் வருஷம் வெறுங்கையோடு எப்படி என்றேன். நாலாம் வருஷத்திலிருந்து, இத்தனை வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்பதே போகாமல் இருக்கக் காரணமாகிவிட்டது. ஒரு வருஷத் தாமதத்துக்குச் சாக்குச் சொல்லலாம். ஐந்து வருஷத்துக்குச் சொல்ல என்னிடம் அவ்வளவு பொய் கைவசம் இல்லை.

இதில் அந்த இரண்டாம் வருஷத்தில்தான், நான் எழுதியிருந்ததற்குப் பதிலாக ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதித் தருகிறவரின் கையெழுத்து. குழந்தை சௌக்கியம், மழை இல்லை, தாங்கள் விட்டுப்போன வலையை எலி கடித்து இழை இழையாகப் போய்விட்டது, மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரிவிக்கவும்.

சுற்றிலும் வலைகள் தொங்குகிற கிடங்கில் நின்றுகொண்டு அதைப் படித்தேன். என்னை இழுத்துக்கொண்டிருந்த கயிற்றை எலி அறுத்துவிட்டது. அதற்குப் பதிலாக வேறு ஏதாவது ஒன்றைப் பாதியில் விட்டு வைக்க வேண்டும், பாதி அவள் கையில், பாதி என் கையில் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அதை எலிக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்ல வேண்டும் என்பதும் சேர்ந்தே தோன்றியது.

3

நான் குடியிருக்கும் வீட்டுக்காரியின் பெயர் பெல்லா என்று வைத்துக்கொள்ளுங்கள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். மீன் வரும் காலத்தில் ஹெர்ரிங்கை வயிறு கீறி, உப்புப் போட்டு, பீப்பாயில் அடுக்குகிற வேலை. இந்த ஊர்ப் பெண்கள் இடுப்புப் பட்டையில் ஓர் ஊசியைச் செருகிக்கொண்டு, நடந்துகொண்டே, பேசிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே பின்னுவார்கள். எனக்குக் கற்றுக்கொடு என்றேன். நாலு ஊசியையும் ஒரு உருண்டை சிவப்புக் கம்பளியையும் கொடுத்து, இரண்டு சுற்றுப் பின்னிக் காட்டிவிட்டு, "நீதான் வலைக்காரனாயிற்றே" என்று சொல்லி வேலைக்குப் போய்விட்டாள்.

எனக்கும் அதே திமிர்தான். சுறாவுக்கு வலை பின்னினவனுக்கு ஒரு மேஜோடு பெரிய காரியமா?

மூன்று வாரம் கழித்து முடித்துக் காட்டினேன். அவள் அதைத் தன் காலில் மாட்டப் பார்த்தாள். கால்விரல் நுழைந்தது, குதிகாலில் போய் நின்றுவிட்டது. இழுத்தாள், உதைத்தாள், கடைசியில் கழற்றி மேசைமேல் வைத்தாள். யார் உதவியும் இல்லாமல் அது நிமிர்ந்து நின்றது.

"இதில் நண்டு பிடிக்கலாம்" என்றாள்.

என்ன நடந்தது என்றால், ஒவ்வொரு கண்ணிக்கும் நான் ஒரு முடிச்சுப் போட்டிருந்தேன். வேறு எப்படிப் பின்னுவது? வலையில் பாறை கிழித்தாலும் மீன் கடித்தாலும் அந்தக் கண்ணியோடு போக வேண்டும், பக்கத்துக் கண்ணி அவிழக் கூடாது. பத்து வயதிலிருந்து என் கைக்குத் தெரிந்த ஒரே நியாயம் அதுதான். பெல்லா தன் பின்னலை எடுத்து, ஊசியை உருவிவிட்டு, நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று பாதிக் காலுறை என் கண்முன்னால் வெறும் நூலாகி மடியில் விழுந்தது. நான் அந்த நூலை எடுத்து முடிச்சைத் தேடினேன்.

"முடிச்சே கிடையாதா?"

"கிடையாது."

"இதை நம்பியா கால் விடுகிறீர்கள்?"

"முடிச்சு இருந்தால் கால் எங்கே நுழைகிறது? நீதான் பார்த்தாயே."

அதற்கப்புறம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ஆனால் வேலை முடிந்து, மீதி நுனியை ஊசியில் கோத்து உள்பக்கமாகச் செருகி மறைக்கும்போது, அவள் பார்க்காத நேரம் ஒரு சின்ன முடிச்சுப் போட்டுவிடுவேன். அவள் விரலால் தடவியே கண்டுபிடித்து, "காலில் உறுத்தும்" என்று திட்டி அவிழ்த்துவிடுவாள்.

நான் வெள்ளைக்காரி ஒருத்தியை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று குப்பத்தில் பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கும் பெல்லாவுக்கும் நடுவில் இருந்த ஒரே தொடுப்பு கம்பளி நூல். அவள் என்னை ஓர் ஆணாகப் பார்த்ததாகவே தெரியவில்லை. சரியாகப் பின்ன வராத பெண்ணாகத்தான் பார்த்தாள்.

4

மேஜோடு மடத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். கையுறை அப்படி இல்லை.

நான் வராமற்போகவே தேசம்மா குழந்தையோடு ராயபுரத்துக்குக் குடிவந்து, கடலோரம் ஐஸ் கொட்டாயில் வேலைக்குச் சேர்ந்தாள். மூங்கில் கூடையில் ஒரு அடுக்கு உடைத்த ஐஸ், ஒரு அடுக்கு மீன், மறுபடி ஐஸ், பெங்களூர் ரயிலுக்கு. விடிந்ததிலிருந்து கை ஐஸில். விரல் வெடித்து, வெடிப்பில் உப்பு ஏறும். ஊரே வேர்த்துக் கொட்டுகிற வெயிலில், ஒரு பெண்ணின் மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் இந்த நாட்டுப் பனிக்காலம். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியது அந்தக் குளிர் ஒன்றுதான்.

கம்பளி நனைந்தாலும் சூடு விடாது. இங்கே மீன் அடுக்குகிற பெண்களும் படகுக்காரர்களும் நனைந்த கம்பளியோடுதான் வேலை செய்கிறார்கள். விரல் வெளியே இருந்தால் மீனைத் தரம் பார்க்கலாம், உள்ளங்கையும் மணிக்கட்டும் கதகதப்பாக இருக்கும். நல்ல யோசனை. ஆனால் இடது கைக்கு மட்டும் அனுப்பினேன். வலது கைக்குப் புருஷன் வருவான் என்று சொல்லி அனுப்பினேன். இப்போது எழுதும்போது எனக்கே ஓங்கி ஒன்று விடலாம் போல இருக்கிறது.

மகள் மல்லிகா எட்டு வயதிலிருந்து அவளே கடிதம் எழுத ஆரம்பித்தாள். "பேரன்புமிக்க தந்தையார் அவர்களின் திருவடிகளுக்கு" என்று தொடங்கும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த தமிழ். "தாங்கள் அனுப்பிய காலுறை கிடைக்கப்பெற்றோம். அதனுள் பலப்பம் வைத்துள்ளேன். அன்னையார் தங்களைப் பற்றிச் சற்று மனக்குறை கொண்டுள்ளார்கள்." தேசம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத்தான் எழுதியிருப்பாள். மனக்குறை கொண்டாளாம்! 'அந்தக் கசுமாலத்துக்கு இன்னா எழுதறது, நீயே எதுனா எழுதிக் கெட' என்று சொல்லியிருப்பாள். நான் ஒவ்வொரு வரியையும் கையில் வைத்துக்கொண்டு, அதை ராயபுரத்துப் பேச்சுக்கு மாற்றி மாற்றிப் பார்ப்பேன். அது பாதி ராத்திரி ரயில்போல எங்கேயோ ஒரு இடத்தில் நின்றுவிடும், தேசம்மா வரை போய்ச் சேராது.

கடிதத்தோடு ஒவ்வொரு வருஷமும் மகளின் கால் வரும். காகிதத்தில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்புவாள். செருப்புப் பார்க்காத கால், விரல்கள் அகலமாக விரிந்து நிற்கும். முதல் கால் என் விரித்த கையைவிடக் கொஞ்சம் சின்னது. ஒரு தடவை, காலின் பின்பக்கத்தைத் தனியாக அளந்து அனுப்பச் சொல்லி எழுத உட்கார்ந்தேன். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்பது மறந்துவிட்டது. அரை நாள் யோசித்தேன். கேட்கலாம் என்றால் நூறு மைலுக்கு நான் ஒருவன்தான் தமிழன். "காலின் பின்புற உருண்டை" என்று எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: "அதன் பெயர் குதிகால் ஆகும், தந்தையே."

பன்னிரண்டு வயதானதும் எழுதினாள்: "இனி அளவு அனுப்ப வேண்டியதில்லை என்று எண்ணுகிறேன்." நான் பழைய அளவோடு ஒரு விரற்கடை கூட்டிப் பின்னினேன். இந்த வருஷம் கடிதமே நின்றுவிட்டது. பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5

காகித விஷயத்தைச் சொல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கிறவன் எழுதினதாக ஆகாது.

ரயிலேறிப் பெரிய நகரத்து ஆபீஸுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் மெலிந்த இளைஞர் ஒருவர்.

"எந்த நாட்டுக்காரர் நீங்கள்?"

"நான் கிளம்பும்போது அது உங்களுடையதாக இருந்தது."

அவர் சிரிக்கவில்லை. அவருடைய படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது. பிறந்த தேதி கேட்டார். பெரிய புயல் அடித்த வருஷம் என்றேன். எந்தப் புயல் என்றார். கட்டுமரம் எல்லாம் தென்னைமரத்தில் ஏறி உட்கார்ந்திருந்ததாக அம்மா சொல்வாள், அந்தப் புயல் என்றேன். 'தெரியாது' என்று எழுதிக்கொண்டார்.

"நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி?"

"கப்பல் புத்தகம் இருந்தது. கடலில் போய்விட்டது."

"உங்களைத் தெரிந்தவர்கள் யாராவது?"

"அவர்களும் புத்தகம் போன இடத்துக்குத்தான் போனார்கள்."

பேனாவை ஒரு நிமிஷம் கீழே வைத்தார். பிறகு எடுத்து அதையும் எழுதினார். அதிலிருந்து மூன்று வருஷம் தாளுக்கு மேல் தாள். இந்த வசந்த காலத்தில், என் பெயரை யாரோ தெலுங்குக்காரர் பெயர் மாதிரி எழுதி, என் முகத்தை ஒட்டி, முத்திரை போட்டு, போகலாம் என்று அனுமதி வந்துவிட்டது. பெல்லா கை கொடுத்தாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒளிந்துகொள்ள எனக்கு இருந்த கடைசி இடத்தையும் சர்க்கார் முத்திரை குத்திப் பூட்டிவிட்டது.

6

பாதியில் விட்டதை முடிக்க ஆரம்பித்தேன்.

நம் ஊர்ப்பக்கமிருந்து வருகிற கப்பல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிற கோயிந்தன், காசிமேட்டுக்காரன், வருஷத்தில் ஒன்றிரண்டு முறை பக்கத்துத் துறைமுகத்துக்கு வருவான். தேசம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. போன தடவை அவன் வந்தபோது, காகிதம் எப்படியும் வந்துவிடும் என்று தெரிந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வியைச் சொல்லி அனுப்பினேன். அவன் திரும்பி வருவதற்குள் பதினொன்றையும் பின்னிவிடுவது என்று திட்டம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கிடங்கில் வலை மூட்டைமேல் உட்கார்ந்து பின்னினேன், ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பின்னினேன். தகர டப்பாவில் போட்டு வைத்திருந்த காலின் கோடுகளை ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். ஐந்து வயசுக் கால். ஆறு. ஏழு.

முதல் சிவப்பு நூல் இப்போது கடையில் வருவதில்லை. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு சிவப்பு வாங்கினேன். அந்தச் சின்னக் குதிகாலைத் திருப்பும்போது, பெல்லா பின்னால் வந்து நின்றாள்.

"அழகாக வந்திருக்கிறது. யாருக்கு இந்தப் பொம்மைக் கால்?"

"என் மகளுக்கு."

"என்ன வயது?"

"பதினைந்து."

இந்தப் பத்து வருஷத்தில் பெல்லா என்னைக் கேலி செய்யாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். அடுப்பில் ஏதோ கருகுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அதற்கப்புறமும் எட்டையும் முடித்தேன். இந்த உலகத்தில் இல்லாத ஏழு காலுக்கும், இருக்கிற ஒரு காலுக்குமாக. பிறகு வலது கைக்கு மூன்று மொட்டைக் கையுறைகள். கட்டைவிரல் ஓட்டையைச் சுற்றிக் கண்ணி அடைத்து, நுனியைச் செருகி மறைத்தேன். இந்தத் தடவை எங்கேயும் முடிச்சுப் போடவில்லை. பெல்லா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அவிழ்க்க எதுவும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.

எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்தால், பதினோரு ஒற்றைகள். ஜோடி முடித்துவிட்டதாக நினைத்தவனின் அறையில் ஒரு ஜோடிகூட இல்லை. அவற்றின் கூட்டாளிகள் ராயபுரத்தில் இருந்தன.

7

போன வாரம் கோயிந்தனின் கப்பல் வந்தது. பதினொன்றையும் ஒரு பிஸ்கோத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு, முதல் ரயிலில் போய்ச் சேர்ந்தேன். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"வா மாமு. இன்னா இளைச்சுட்ட? குந்து. டீ சாப்டு."

"டீ கிடக்கட்டும். அவளைப் பார்த்தியா?"

"கடல் இன்னா அடி அடிச்சுது தெரியுமா இந்த வாட்டி? ஏடன் தாண்டி ஒரே பேஜாரு..."

"கோயிந்தா."

கத்தியைக் கீழே வைத்தான். பலகைக்குக் கீழேயிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து மேசைமேல் வைத்து அவிழ்த்தான். என் ஒற்றைகள். பதினொன்றும். சிவப்புக் காலுறைக்குள் பலப்பத் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. கையுறைகளில் இரண்டு புதுசாகவே இருந்தன. ஒன்று மட்டும் உள்ளங்கை தேய்ந்து, கெட்டிப்பட்டு, மடிப்பில் மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இதையெல்லாம் ஏன்டா கொண்டாந்த? நான்தான் அங்க போறேனே."

"கடல்ல போடச் சொல்லி அக்கா குடுத்துச்சு மாமு. எனக்கு மனசு வர்ல."

எங்கள் பக்கம் கடலில் செத்து உடல் கிடைக்காதவனின் துணியைத்தான் கடலில் போடுவார்கள். இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் மறுபடி ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டான்.

"மல்லிகாவக் கேட்டுத் திருவொத்தியூர்லேர்ந்து வந்துகீறாங்க. சொந்தமா படகு கீது. பையன் நல்ல பையன். ஆனா மாமு, அப்பன் வெள்ளைக்காரிய இஸ்துகினு ஓடிப்பூட்டான்னு சொன்னா, அவங்க வாசப்படி மிதிப்பாங்களா? கடல்ல போனவன் பொண்ணுன்னா தலைல தூக்கி வெச்சுப்பாங்க. உனக்குத் தெரியாதா?"

"அதனால?"

"நீ போன வருசம் மறுபடி கப்பல் ஏறின. முழுகிட்ட."

"யாரு சொன்னா?"

வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான்தான் மாமு. கரையில நாட்டாமைக்கு முன்னாடி நின்னு சொன்னேன். அக்கா என் கால்ல வுழுந்திச்சு, நான் இன்னா பண்றது? கப்பல் முழுகினது நெஜம்தானே, வருசம்தான் முன்னே பின்ன."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அப்படிப்பட்ட ஆள்தான், எந்த இடத்திலும் வந்துவிடும். "கூட்டம் நல்லாக் கூடிச்சா?"

"நல்ல கூட்டம் மாமு."

"நான் வரேன்னு கேட்டது?"

"மொதல்ல அதத்தான் சொன்னேன். பேப்பர் வரப் போவுதுன்னும் சொன்னேன். அக்கா ரொம்ப நேரம் ஐஸ அள்ளிகினே இருந்துச்சு. அப்பறம், 'மூணு வருசம் முன்னாடி சொல்லிருந்தா வரச் சொல்லிருப்பேன். இப்போ அது வந்தா எம் பொண்ணுக்கு வூடு இல்ல'ன்னுச்சு."

"தாலி?"

"கழட்டிடுச்சு. கரையிலயே." கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அத்துல மட்டும் பொய் இல்ல மாமு. நெஜமாவே அழுதுச்சு."

"மல்லிகாவுக்குத் தெரியுமா, நான் இருக்கேன்னு?"

"அதனாலதான கடுதாசிய நிறுத்திடுச்சு."

"சரி, கண்ணாலம் முடியட்டும். ஒரு வருஷம் கழிச்சு நான் ஒரு கடுதாசி..."

"பொணம் கடுதாசி போடுமா மாமு?"

கப்பலில் எங்கேயோ மணி அடித்தது. அவனுக்குச் சோறு வடிக்க நேரமாகிவிட்டது. நான் பெட்டியைத் திறந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, கை தானாக வேலை செய்தது. ஒற்றைக்கு ஒற்றையாக எடுத்து மேசைமேல் ஜோடி சேர்த்து வைத்தேன். ஐந்து வயசுக் கால், ஆறு வயசுக் கால், இப்படி எட்டு ஜோடியும். சிவப்பு மட்டும் சிவப்போடு சேரவில்லை, மற்றதெல்லாம் பொருந்திவிட்டது. கோயிந்தன் வெங்காயத் தோலை ஒதுக்கி இடம் கொடுத்தான்.

மூன்று கையுறை ஜோடியில், அவள் போட்டுத் தேய்ந்த இடது கையுறையையும் அதன் ஜோடியையும் என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். புதுசாக இருந்த ஒரு ஜோடியை எடுத்து அவன் பக்கம் தள்ளினேன்.

"இத்த மட்டும் எடுத்துகினு போடா. இத யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. ஐஸ்ல கை வெடிக்குதில்ல அவளுக்கு."

அவன் ஒரு கையுறையை மாட்டி, விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்தான். உள்பக்கம் திருப்பி நூல் எங்கே முடிகிறது என்று தேடினான். கிடைக்கவில்லை.

"கொட்டாயில பொம்பளைங்க கேப்பாங்களே, ஏது இதுன்னு" என்றேன். "அவ இன்னா சொல்லுவா?"

"கடைல வாங்கினதுன்னு சொல்லும் மாமு."